ஆயாவின் சொட்டு நீலமும் சங்கரா மீனின் கண்ணும்

போன ஞாயிறு காசிமேட்டிலிருந்து சங்கரா வாங்கி வந்து குழம்பு வைத்தோம். கீழ் வீட்டுப் பெண், ஒன்பதாவது படிக்கிறாள், கிண்ணத்தோடு வந்தவள் மீன் தலையைக் கிளறியபடியே கேட்டாள்: “அண்ணா, வாங்கும்போது கண்ணு பளிங்கு மாதிரி இருந்துச்சே, குழம்புல போட்டதும் ஏன் வெள்ளை உருண்டையா ஆயிடுச்சு?”

இதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் எங்கள் ஆயாவுக்குக் கண்புரை வந்த கதையையும் சொல்லிவிடலாம். கண் என்பது கேமரா மாதிரி, முன்னால் லென்ஸ், பின்னால் விழித்திரை, பிம்பம் தலைகீழ், இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே முடிந்த கதை, தாண்டிப் போவோம். அந்த வெள்ளை உருண்டைதான் மீனின் லென்ஸ். தண்ணீருக்குள் கருவிழியால் (கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான படலம்) ஒளியைப் பெரிதாக வளைக்க முடியாது, லென்ஸே முழு வேலையையும் செய்ய வேண்டும், அதனால்தான் மீனுக்கு உருண்டை லென்ஸ். நமக்குப் பாதிக்கு மேல் வேலையைக் கருவிழியே முடித்துவிடுவதால் தட்டையானதே போதும்.

வேக வைத்தால் புரதம் திரளும், வெள்ளையாகும். முட்டையில் தினமும் பார்ப்பதுதான். எனக்கு ஆச்சரியம், வேகும் முன் அது எப்படித் தெளிவாக இருந்தது என்பதில்தான். பாலில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான், ஆனாலும் பால் வெள்ளை. கண் லென்ஸிலோ எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு புரதம், பெயர் கிரிஸ்டலின். இவ்வளவு கெட்டியான சரக்கு ஏன் பாலைப் போல வெளுத்துப்போகவில்லை?

காலை எட்டரை மணிக்கு பீச் ஸ்டேஷன் போகும் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறியவர்களுக்கு இது சட்டென்று புரியும். காலியான பிளாட்பாரத்தில் ஜனங்கள் அங்கே நாலு பேர், இங்கே ஆறு பேர் என்று கொத்துக் கொத்தாக நிற்பார்கள். நெரிசலான பெட்டிக்குள் அது முடியாது, தோளோடு தோள் இடித்து எல்லா இடத்திலும் ஒரே அளவு தலை. ஒளியைச் சிதறடிப்பது இடத்துக்கு இடம் இருக்கும் வித்தியாசம்தான். லென்ஸுக்குள் புரதங்கள் அந்தப் பெட்டிக்காரர்கள் மாதிரி சீராக நெருக்கி நிற்பதால் ஒவ்வொன்றும் சிதறடிக்கும் சிறு அலைகள் ஒன்றையொன்று அடித்து அழித்துக்கொள்கின்றன, ஒளி நேராகப் போய்விடுகிறது. 1983-ல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் எக்ஸ் கதிரை வைத்து இதை உறுதி செய்தார்கள். நெரிசல் கூடினால் தெளிவு கூடும் என்பதை முதல் முறை படித்தபோது அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இந்தத் தெளிவுக்கு லென்ஸ் செல்கள் கொடுத்த விலை பெரிது. ரத்தக் குழாய் கிடையாது. முதிரும்போது தன் உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும் தானே அழித்துவிடும், ஏனென்றால் அவையும் ஒளியை மறிக்கும். உட்கரு போனால் புதுப் புரதம் செய்ய வழியில்லை. லென்ஸின் நடுவில் இருப்பது தாயின் வயிற்றிலேயே உருவானது. அதாவது ஆயாவுக்கு 78 வயது என்றால் அவர் கண்ணின் நடுப் புரதத்துக்கும் 78-க்கு மேல். அந்தப் பெட்டியில் புதிதாக யாரும் ஏற முடியாது, பழைய ஆள் இறங்கவும் முடியாது.

வயதாக ஆக, புற ஊதாக் கதிர், சர்க்கரை நோய், புகைப்பழக்கம் எல்லாம் சேர்ந்து புரதங்களைச் சிதைக்கின்றன. அவற்றில் ஆல்ஃபா கிரிஸ்டலின் என்று ஒரு ரகம், மயங்கி விழப்போகிற பயணியைத் தோளில் சாய்த்துத் தாங்கிப் பிடிக்கிற ஆள் மாதிரி. சிதைந்த புரதம் மற்றதோடு ஒட்டாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தக் குணத்தை ஜோசப் ஹார்விட்ஸ் 1992-ல் காட்டினார். எத்தனை பேரைத்தான் தாங்குவார்? கை தீர்ந்ததும் கொத்துகள் உருவாகும், ஒளியின் அலைநீளத்தை நெருங்கும் அளவுக்கு அவை பெருத்தால் சிதறல் தொடங்கும். குழம்பில் சில நிமிஷத்தில் நடந்தது நம் கண்ணில் நாற்பது ஐம்பது வருஷம் எடுத்துக்கொள்கிறது. ‘கண்ணில் சதை வளர்ந்திருக்கு’ என்பார்கள் எங்கள் பக்கம். எதுவும் வளரவில்லை, இருந்தது திரண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆயாவுக்கு முதலில் நடந்தது வேடிக்கை. ஒரு நாள் கண்ணாடி இல்லாமலே அரிசியில் கல் பொறுக்கினார். திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்கு வேண்டிக்கொண்டதன் பலன் என்று வீடே கும்பிட்டது. நடந்தது வேறு: புரை வரும்போது லென்ஸின் நடுப்பகுதி கெட்டியாகி ஒளியை முன்பைவிட அதிகம் வளைக்கும், கிட்டப்பார்வை வரும், அதனால் பக்கத்தில் இருப்பது சில மாதம் நன்றாகத் தெரியும். அந்தச் சில மாதத்தை நம்பி எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நந்தியாவட்டைச் சாறு விட்டுக்கொள்கிறார்கள் என்று நினைத்தால் எரிச்சல் வருகிறது.

அதே திருவொற்றியூரில்தான் சுந்தரர் கண்ணை இழந்தார் என்கிறது பெரியபுராணம். உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, திருவாரூர் வசந்த விழா நினைப்பு வந்ததும் கிளம்பினார், ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. காஞ்சிபுரத்தில் இடது கண், திருவாரூரில் வலது கண் என்று தவணையில் திரும்பக் கிடைத்தன. நடுவில் வெண்பாக்கத்தில் சிவன் கொடுத்தது ஊன்றுகோல் மட்டும். (அந்தப் பழைய கோயில் இருந்த இடம் இப்போது பூண்டி ஏரித் தண்ணீருக்குள். நம் குழாயில் வருவதும் அந்தத் தண்ணீர்தான்.) எனக்குப் பிடித்தது சுந்தரரின் கோபம். திருவாரூரில் நின்று, நீரே நன்றாக வாழ்ந்து போங்கள் என்று சிவனிடமே சொல்கிறார்.

ஆனால் குருடு என்றால் தண்டனை, இல்லாவிட்டால் அறியாமை, இல்லாவிட்டால் இருட்டு என்று எழுதியே பழகிவிட்டோம். கல்லாதவர் முகத்தில் இருப்பது இரண்டு புண் என்றார் வள்ளுவர். எங்கள் ஆயா பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர், அவரிடம் இதை விளக்க எனக்குத் தைரியம் இல்லை. இருட்டு என்பதும் புரைக்குப் பொருந்தாது. அவர் பார்த்தது வெள்ளை மூட்டம், எதிரே லாரி விளக்கு வந்தால் உலகமே வெளிச்சமாகக் கரைந்துவிடும். எதுவும் தெளிவாகத் தெரியாத நிலையிலும் டாக்டர் டார்ச்சை நாலு பக்கமும் காட்டி “வெளிச்சம் எங்கிருந்து வருது பாட்டி?” என்று கேட்டபோது சரியாகக் கை காட்டினார். பின்னால் விழித்திரை நன்றாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

‘முத்தட்டும், அப்புறம் வெட்டலாம்’ என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். லென்ஸை முழுசாக எடுத்த காலத்துப் பேச்சு அது. இப்போது அதை மீயொலியால் உடைத்து உறிஞ்சிவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். போர் விமானியின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் சில்லு உள்ளேயே கிடந்தும் தொந்தரவு தராததைக் கவனித்த ஹரால்ட் ரிட்லி, லண்டனில் 1949-ல் முதல் லென்ஸை வைத்தார். மதுரையில் 1992-ல் ஆரோலேப் என்ற நிறுவனம் தொடங்கி லென்ஸை மலிவாகச் செய்யப் போய்த்தான் அது எளியவர் கைக்கு எட்டியது. லென்ஸ் புரதம் மாறுவதில்லை என்பதை வைத்தே 2016-ல் கிரீன்லாந்துச் சுறா குறைந்தது 272 வருஷம் வாழும் என்று கணக்கிட்டார்கள். நம் ஊரில் மீன் கண்ணை ஆராயப் பணம் கேட்டால் ‘இதனால் என்ன பயன்’ என்று கேட்டே கோப்பை மூடிவிடுவார்கள் என்பது என் மனக்குறை.

புரை ஏற ஏற லென்ஸ் பழுப்பு மஞ்சளாகி நீல ஒளியை வடிகட்டிவிடும். ஆயா கண்ணுக்கு வெள்ளைத் துணியெல்லாம் அழுக்கு மஞ்சளாகவே தெரிந்திருக்கிறது, ஒவ்வொரு துவையலுக்கும் வாளியில் சொட்டு நீலத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். தாத்தா வேட்டி ஆகாய நிறத்துக்கு வந்தபோதும் யாரும் வாய் திறக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து மறுநாள் கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவர் கொடியைப் பார்த்தார்.

“எந்த மடையன்டா வேட்டியில இவ்ளோ நீலம் போட்டான்?”