மஞ்சள் புகை கண்டால் மூசையை விட்டு எழும்புங்கள்

போன மாரியில் ஒரு தம்பி, பழைய வெள்ளி வாங்கும் என் பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு பிடி வெள்ளிப் பொட்டுகள். திருகோணமலைச் சீனக்குடாப் பக்கம் வாங்கிய பழைய மின்சாரச் சுவிட்சுகளில் கழற்றியதாம்.

"அண்ணை, ராத்திரி வீட்டில் கொஞ்சம் உருக்கினேன். மஞ்சளாய்ப் புகைத்தது. காலையில் இருந்து காய்ச்சல் மாதிரி, நெஞ்சும் இறுக்கமாய் இருக்கு" என்றார்.

எங்கே உருக்கினீர் என்று கேட்டேன். குசினியிலாம். மழை அடித்ததால் யன்னலையும் சாத்தியிருக்கிறார். விலை பேசுவது அப்புறம், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போம் என்று ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். டொக்டரிடம் 'கட்மியம்' என்ற நச்சு உலோகத்தின் பெயரை மறக்காமல் சொல்லச் சொன்னேன். சொல்லாவிட்டால் அதைச் சாதாரணத் தடிமன் காய்ச்சலாக எடுத்துவிடக்கூடும்.

பெரிய சுவிட்சுகளில் தீப்பொறி பறக்கும்போது முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகாமல் இருக்க, வெள்ளியோடு கட்மியம் ஒட்சைட்டைச் சேர்ப்பார்கள். பல பொட்டுகளில் அது நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு. வெள்ளி இளக 962 பாகை செல்சியஸ் வேண்டும். கட்மியமோ 767 பாகையிலேயே கொதித்துவிடும். உருக்கும் கிண்ணமான மூசைக்கு மேலே எழும்புகிற அந்த மஞ்சள் கலந்த தவிட்டுப் புகை மூச்சோடு உள்ளே போனால், சில மணித்தியாலங்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகுதான் நுரையீரல் வீங்கும். சிறுநீரகத்தில் தங்கிய கட்மியம் பல வருடங்களுக்கு வெளியேறாது.

நகைக்காரர் மூட்டு ஒட்ட எடுக்கும், 'கேடிஎம்' என்று சொல்லும் பற்றாசிலும் இருப்பது இதுதான். பழைய கொலுசின் மூட்டுகளில் இருக்கலாம். உரைகல்லில் உரைத்தால் வெள்ளியின் மாற்று, அதாவது தரம், தெரியும், கூட என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. அதனால் உரைக்க முதல் நான் கேட்பது, எங்கே கிடைத்தது என்றுதான். பல்லில் அடைத்த வெள்ளி என்றால் அதில் பாதியளவு பாதரசம். அதை நெருப்புக்குக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது.

உருக்காமல் அசிட்டில் கரைத்து வெள்ளியைப் பிரித்தால் பயமில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. நைத்திரிக் அசிட்டில் வெள்ளியும் செம்பும் கரையும்போது வரும் செந்தவிட்டுப் புகை காற்றைவிடப் பாரமானது. அறையின் அடியில் தேங்கும். தொழில் பழகிய காலத்தில், வாடைக்காற்றுக்குக் கதவைச் சாத்திவிட்டு நானும் இதே பிழையைச் செய்திருக்கிறேன். தொண்டை கொஞ்சம் கரகரத்தது, அவ்வளவுதான் என்று படுத்தேன். நடுச்சாமத்தில் மூச்சு எடுக்க முடியாமல் எழும்பினேன்.

கரைசலும் சில விஷயங்களைக் காட்டிக்கொடுக்கும். நீலம் என்றால் செம்பு. அடியில் வெள்ளையாய்க் கஞ்சி மாதிரி நின்று வடிகட்டியை அடைத்தால் பெரும்பாலும் ஈயப்பற்றில் இருந்த தகரம். கரைசலில் உப்புப் போட்டு வெள்ளியைப் படிவாய் இறக்கும்போது ஈயமும் சேர்ந்து இறங்கலாம். நல்ல சுடுநீரில் கழுவினால் ஈயம் கரைந்து போகும், வெள்ளி நிற்கும். கட்மியம் மட்டும் நிறமே காட்டாது.

வெள்ளிக் கரைசலில் அமோனியா ஊற்றி வைக்காதீர்கள். நாள்பட நின்றால் கறுப்பாய் ஒரு படிவு வரும். அது ஈரமாக இருக்கும்போதே, தொட்டாலே வெடிக்கக்கூடியது. அசிட் ஏனத்தை ஸ்பிரிட்டால் கழுவுவதும் அதே மாதிரி ஆபத்து.

கழிவை நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வளவுக்குள் ஊற்றுகிறவர்களை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அங்கே மணல் நிலம், கிணறுகள் ஆழமில்லை. கழிவுக்குள் இரும்புத் துண்டு போட்டால் செம்பு படியும், சரி. ஆனால் கட்மியத்தைப் பிடிக்க இரும்பை நம்ப முடியாது.

அந்தத் தம்பி சில நாள் வார்டில் இருந்துவிட்டு வந்தார். மிச்சப் பொட்டுகளை அவர் திருப்பிக் கேட்கவில்லை. மூடி இறுக்கிய போத்தலில் என் மேசைக்குக் கீழே கிடக்கின்றன. சுவிட்சு வெள்ளி என்று யாராவது வந்தால் எடுத்துக் காட்டுவேன்.