வில்லங்கச் சான்றில் சாவு ஏறாது

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இழுத்தடிக்கிறாங்க சார்" என்று இந்த மாதம் மட்டும் நான்கு பேர் வந்து புலம்பிவிட்டார்கள். நால்வரின் காகிதங்களையும் வாங்கிப் பார்த்தேன். எல்லாத் தாமதமும் அவரவர் வீட்டுப் பீரோவில்தான் இருந்தது. டோக்கன் நேரத்துக்குப் போய், போட்டோ எடுத்து, விரல் ரேகை வைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வர ஒரு மணி நேரம் ஆகலாம். முகூர்த்த நாளென்றால் அரை நாள். அதற்கு ஜோசியரைக் கேளுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஆறு மாதம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

நான்காவது கேஸைச் சொல்கிறேன். மதுரைப் பக்கம் ஒரு வீடு, விலை 62 லட்சம். வாங்குபவர் பள்ளி ஆசிரியர். வங்கிக் கடனுக்கு ஒப்புதலும் வாங்கிவிட்டு, 5 லட்சம் அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் என்னிடம் வந்தார். (எல்லோரும் அதற்கப்புறம்தான் வருகிறார்கள்.) கிரய ஒப்பந்தத்தை 20 ரூபாய் முத்திரைத்தாளில் வீட்டிலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

சரி, காகிதங்கள். மூலப்பத்திரம் விற்பவரின் அப்பா பெயரில், அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் உயில் எழுதாமல் 2009-ல் இறந்துவிட்டார். 2016-ல் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் அம்மா, மகன், இரண்டு மகள்கள். பட்டா மகன் பெயருக்கு மாறியிருந்தது. ஈசியில், அதாவது வில்லங்கச் சான்றில், ஒரு வில்லங்கமும் இல்லை.

அசல் பத்திரங்களைப் பார்க்க நேரில் போனேன். கூடத்துச் சுவரில் அப்பா படம், பக்கத்திலேயே ஒரு பாட்டியம்மா படம். இரண்டுக்கும் சந்தனப் பொட்டு, பிளாஸ்டிக் மாலை. பாட்டி படத்தின் கீழே தோற்றம், மறைவு என்று தேதி. மறைவு 2013.

"இது யாருங்க?"

"அப்பத்தா சார். அப்பாவப் பெத்தவங்க."

"அப்பா போனப்ப இவங்க இருந்தாங்களா?"

"இருந்தாங்களே. புள்ள போன ஏக்கத்துலதான் நாலு வருஷத்துல போய்ச் சேந்தாங்க."

போச்சு.

உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணுக்கு மனைவி, மகன், மகள் எந்த வகுப்பு வாரிசோ, பெற்ற தாயும் அதே வகுப்பு. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இது இருக்கிறது. (கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு, இதை வைத்துப் பங்கு போட்டுவிடாதீர்கள்.) ஆக 2009-ல் அந்த வீட்டுக்கு ஐந்து பங்கு: அப்பத்தா, அம்மா, மூன்று பிள்ளைகள். அப்பத்தா இறந்ததும் அவருடைய ஐந்தில் ஒன்று அவருடைய பிள்ளைகளுக்குப் போகிறது. இறந்த அப்பாவின் கிளைக்கு ஒரு பாகம், சித்தப்பாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று. பதினைந்தில் ஒரு பங்கு வைத்திருக்கிற சித்தப்பா கையெழுத்துப் போடாமல் முழு வீட்டையும் விற்க முடியாது.

"செத்துப்போனவங்களுக்கு எதுக்கு சார் பங்கு? வாரிசுச் சான்றிதழ்லயே அவங்க பேரு இல்லையே?"

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறுமை போகிறது. வாரிசுக் கணக்கு ஒருவர் இறந்த நாளில் போடப்படுவது. சான்றிதழுக்கு விண்ணப்பித்த நாளில் யார் உயிரோடு இருந்தார்கள் என்பது கணக்கே இல்லை. நீங்கள் ஏழு வருஷம் கழித்து விண்ணப்பிக்கப் போய், அப்போது இருக்கிறவர்கள் பெயரை மட்டும் சொன்னீர்கள். விசாரித்தவர்களும் இருக்கிறவர்களைத்தான் எழுதிக்கொண்டு போனார்கள். தாசில்தார் கையெழுத்துப் போட்டுவிட்டதால் அப்பத்தாவின் பங்கு ஆவியாகிவிடாது. அந்தச் சான்றிதழ் வாரிசு யார் என்று காட்டுகிற காகிதம், அவ்வளவுதான். பங்கைக் கொடுப்பதும் எடுப்பதும் அதன் வேலை இல்லை. பட்டாவும் அப்படித்தான். வருவாய்த் துறைக் கணக்கில் பெயர் மாறிவிட்டால் அக்கா தங்கையின் உரிமை மறைந்துவிடும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

ஈசி சுத்தமாக இருக்கிறதே என்பார்கள். ஈசியில் வருவது பதிவான ஆவணங்கள். சாவு பதிவுத்துறைக்கு வருவதில்லை. பதிவாகாத உயில், வாய்ப்பேச்சில் நடந்த பாகப்பிரிவினை, இவையும் அதில் தெரியாது.

அதே வீட்டில் இன்னொரு கூத்து. "அக்கா ரெண்டு பேருக்கும் கல்யாணத்துலயே நகை போட்டு, சீர் செஞ்சு, கணக்கை முடிச்சாச்சு சார். வேணாம்னு எழுதியே குடுத்திருக்காங்க." எழுதிக் கொடுத்தது கோடு போட்ட நோட்டுத்தாள். சீர் என்பது சீர். பங்கு என்பது பங்கு. பங்கை விட்டுக்கொடுப்பதென்றால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். எந்த வருஷத்துக்கு முன்னால் கல்யாணமானால் பங்கு இல்லை என்று டீக்கடையில் பேசுகிற 1989 கணக்கெல்லாம் பூர்வீகச் சொத்தைப் பற்றியது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கு 1956-லிருந்தே சம பங்கு.

ஒரு சின்ன வழி சொல்கிறேன். விற்கப்போகிற சொத்துக்குத் தனித்தனியாக விடுதலைப் பத்திரம் எழுதிச் செலவழிக்க வேண்டியதில்லை. உரிமையுள்ள எல்லோரும் கிரயப் பத்திரத்திலேயே விற்பவர்களாகக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. மைனர் பிள்ளைக்குத் தனிப் பங்கு இருந்தால் மட்டும் முன்கூட்டியே வாருங்கள். அதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும், கடைசி வாரத்தில் அது நடக்காது.

வெளிநாட்டில் இருப்பவர், தனக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுத்துப் பவர் பத்திரம் அனுப்பினால், அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கூரியர் கவரைப் பத்திரமாகப் பூஜை அறையில் வைத்துவிட்டு நான்காம் மாதம் எடுத்துவராதீர்கள். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் சாதாரணமாக அதோடு செத்தது.

வீட்டுக்கடனை அடைத்துவிட்டோம் என்று வங்கிக் கடிதத்தை நீட்டுபவர்கள் தனி ரகம். கடன் வாங்கும்போது பத்திரம் ஒப்படைத்ததைப் பதிவு செய்தீர்கள் அல்லவா, அதை ரத்து செய்கிற ரசீது ஆவணத்தையும் பதிவு செய்ய வேண்டும். அதுவரை ஈசியில் அந்தக் கடன் நின்றுகொண்டேதான் இருக்கும். முழுக் கடனும் அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். அதன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. 2023 டிசம்பர் முதல் இது நடைமுறையில் உள்ளது. கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

வாங்குபவர்களுக்கும் ஒன்று. விலை 50 லட்சம், அதற்கு மேல் என்றால் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடிக்க வேண்டிய விகிதமே வேறு, மிக அதிகம். குறைத்துப் பிடிக்க அவர் வருமான வரித் துறையில் சான்று வாங்கி வருவதற்குள் உங்கள் ஒப்பந்தக் கெடு ஓடிவிடும். முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

தயவுசெய்து இதையாவது செய்யுங்கள். அட்வான்ஸில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் வீட்டுப் பெரியவர்களோடு உட்காருங்கள். பத்திரத்தில் பெயர் உள்ளவர் எப்போது இறந்தார், அன்றைக்கு யார் யார் உயிரோடு இருந்தார்கள், அவர்களில் அப்புறம் யார் எப்போது போனார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இறப்புச் சான்றிதழ் எதெது இல்லை என்று அப்போதே தெரிந்துவிடும். ஆதாரில் ஒரு இனிஷியல், பத்திரத்தில் வேறு இனிஷியல் என்பதும் தெரியும். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு வக்கீலிடம் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மதுரை வீட்டு விஷயம் ஒரு வழியாக முடிந்தது. அத்தை மறுநாளே சரியென்றுவிட்டார். சித்தப்பாவுக்குப் பணம் பிரச்சினை இல்லை. அந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத் தன்னை முறையாக அழைக்கவில்லை என்று இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. விற்பவர் பழத்தட்டோடு மூன்று தடவை போய்வந்தார். பதினோரு வாரம். அதற்குள் ஆசிரியருடைய வங்கி ஒப்புதல் காலாவதியாகி, அவர் மறுபடியும் சம்பளச் சீட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.