விசிறிக்குள் சில கரண்டி எண்ணெய்

"பழைய டீசல் பிக்அப் வைத்திருக்கிறேன். டர்போ அழுத்தத்தைக் கூட்டி, முன்னால் பெரிய இன்டர்கூலர் போட்டு, பம்பில் டீசலையும் கொஞ்சம் ஏற்றிவிட்டேன். சமதளத்தில் பறக்கிறது. லோடோடு மலை ஏறினால் மட்டும் முள் சிவப்புக்குப் போகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். ஏன் என்பதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு.

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. ஏற்றத்தில் வண்டி மணிக்கு 20 லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள்; 200 கிலோவாட். அதில் மூன்றில் ஒரு பங்கோ சற்று அதிகமோ சக்கரத்துக்குப் போகும். ஏறக்குறைய அதே அளவு புகையோடு வெளியேறும். கால் பங்காவது இன்ஜினைச் சுற்றிவரும் கூலன்ட் நீரின் தலையில் விழும். அதுவே 50 கிலோவாட்: 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர்கள் 25-ஐ ஒன்றாக ஓடவிட்ட சூடு. டீசலைக் கூட்டக் கூட்ட இதுவும் கூடும்.

இன்டர்கூலர் நல்ல காரியம்தான். 35 டிகிரி காற்றை டர்போ இருமடங்கு அழுத்தத்துக்கு நெருக்கினால் அது 130 டிகிரி வரை சுடும். அதை இன்டர்கூலர் 60-க்கு இறக்கினால், அதே அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் காற்று உள்ளே போகும். கரும்புகை குறையும், பிஸ்டனும் பிழைக்கும். ஆனால் இன்டர்கூலர் உட்கார்ந்திருப்பது ரேடியேட்டருக்கு முன்னால். அது கழித்த சூட்டைத்தான் பின்னாலிருக்கும் ரேடியேட்டர் மூச்சாக இழுக்கிறது.

இப்போது தெர்மோஸ்டாட். உள்ளே ஒரு மெழுகுக் குப்பி, 82 டிகிரி வாக்கில் உருகிப் பருத்து, ரேடியேட்டருக்குப் போகும் வால்வைத் திறக்கும். பல இன்ஜின்களில் அதே வால்வு, திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கவும் செய்கிறது. கழற்றிவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும். சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே எட்டிப் பார்க்காமல் சுற்றி வரும். சமதளத்தில் இன்ஜின் சூடேறாமல் தேயும், ஏற்றத்தில் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு பக்கமும் நஷ்டம். இருந்தும் இந்தக் கழற்று வைத்தியம் ஒழிந்தபாடில்லை. டீசல் குழாயில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடும் என்கிற நம்பிக்கைக்குத் தம்பி முறை இது.

ஏற்றத்தில் மட்டும் சூடாகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். லோடோடு ஊர்ந்து ஏறும்போது வெப்பம் உச்சம், எதிர்க்காற்றோ பூஜ்ஜியத்துக்குப் பக்கம். அப்போது கைகொடுக்க விசிறி ஒன்றுதான். பழைய பிக்அப்களில் அது பெரும்பாலும் இன்ஜினோடு நேரடியாக இணைந்திருக்காது. நடுவே வட்டப் பெட்டி ஒன்று இருக்கும். விஸ்கஸ் ஃபேன் கிளட்ச். எனக்கு ரொம்பப் பிடித்த கருவி. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசிறி தின்னும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும்: வேகம் இருமடங்கானால் திறன் எட்டு மடங்கு. எப்போதும் முழு வேகத்தில் சுழலும் விசிறி சும்மா இரைந்துகொண்டே டீசலைக் குடிக்கும். ஆகவே தேவைப்படும்போது மட்டும் பிடிக்கிற, மற்ற நேரம் நழுவவிடுகிற ஓர் இணைப்பு வேண்டும்.

பெட்டிக்குள் ஒரு தட்டு இன்ஜினோடு சுழல்கிறது. அதை மூடியிருக்கும் கூட்டில் விசிறி பொருத்தியிருக்கும். இரண்டிலும் வட்ட வட்டமாக வரப்புகள். ஒன்றின் வரப்பு மற்றதன் பள்ளத்துக்குள் இறங்கி, தொடாமல் நிற்கும். அந்த மெல்லிய இடைவெளியில் சிலிகான் எண்ணெய் வந்தால் தட்டு கூட்டையும் இழுத்துக்கொண்டு சுழலும். தேன் ஜாடிக்குள் கரண்டியைச் சுழற்றினால் ஜாடியும் கூடவே திரும்பப் பார்க்குமே, அதே கதை. இந்த எண்ணெயின் பாகுநிலை தண்ணீரைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு.

எண்ணெயை யார் அனுப்புவது? பெட்டியின் முகப்பில், ரேடியேட்டரைப் பார்த்தபடி ஒரு ஈருலோகச் சுருள். ரேடியேட்டரைக் கடந்துவரும் காற்று சூடானால் சுருள் முறுக்கிக்கொண்டு உள்ளே சிறு வால்வைத் திறக்கும். பெட்டிக்குள் இருக்கும் சிறு தொட்டியின் எண்ணெயை மையவிலக்கு விசை வரப்புகளுக்குத் தள்ளும். விசிறி உறுமும். சரி, திரும்ப வெளியேற்றுவது யார்? தட்டுக்கும் கூட்டுக்கும் உள்ள வேக வித்தியாசமே! விளிம்பில் ஒரு சின்னத் தடுப்பு. வழுக்கும் எண்ணெய் அதில் மோதி அழுத்தம் ஏறி, ஒரு துளை வழியே தொட்டிக்குத் திரும்புகிறது. வால்வு மூடியதும் வரப்புகள் தானாக வறண்டுவிடும். வழுக்கலே பம்ப். மின்கம்பி இல்லை, சென்சார் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் விசிறி சில நொடிகள் இரைந்து அடங்குகிறதே, இரவில் வரப்புகளுக்குள் கசிந்து தங்கிய எண்ணெயை அது வெளியேற்றும் சத்தம் அது. பாகுநிலையை விளக்கக் கிளிசரினில் விழும் இரும்புக் குண்டையே இன்னும் வகுப்பில் காட்டிக்கொண்டிருக்கிறோம். பழைய கிளட்ச் ஒன்றை நெடுக அறுத்து மேசையில் வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

வயதானால் பேரிங் ஓரமாக எண்ணெய் கசியும். முகப்பில் சக்கரத்தின் ஆரக்கால்போல விரியும் கறுப்புப் பிசுக்கு அதன் அடையாளம். வண்டி நன்றாகச் சூடானதும் இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, விசிறியைக் கையால் சுண்டிப் பாருங்கள். கனமாகத் தடுத்தால் கிளட்ச்சில் உயிர் இருக்கிறது. அப்போது இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அடைத்த தூசியையும், விசிறியைச் சுற்றிய கூண்டு உடைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கூண்டு இல்லாத விசிறி ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கவாட்டுக் காற்றையே சுழற்றும். தடையே இல்லாமல் மூன்று நான்கு சுற்று ஓடினால் கிளட்ச் போய்விட்டது. டர்போவை மறுபடி தொடும் முன் அதை மாற்றுங்கள். புதியதை மாட்டும் வரை, வண்டியில் இருப்பதுபோலவே நிமிர்த்தி வையுங்கள். குப்புறக் கிடந்தால் எண்ணெய் ஒழுகிவிடும்.