பெட்டி ஏன் 60-ல் மட்டும் கத்துகிறது?

அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என் 350 சிசி பைக்கில் இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி மாட்டியிருக்கிறேன். காலிப் பெட்டியோடு ஈசிஆரில் போனால் 60-ல் லொடலொடவென்று உயிரை வாங்குகிறது. 70-ஐத் தாண்டினால் சத்தமே இல்லை. துணிமணி அடைத்துக்கொண்டு பாண்டிச்சேரி போனால் 60-லும் அமைதி, ஆனால் சிக்னலில் கிளம்பும்போது ஒரு தடவை உறுமிவிட்டு அடங்குகிறது. மெக்கானிக் எல்லா போல்ட்டையும் முறுக்கிப் பார்த்துவிட்டார். என்னதான் கோளாறு?"

கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. டாப் கியரில் 60-ல் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது நொடிக்கு 50. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் சட்டத்தை ஒரு முறை குலுக்கும். பெட்டியும் அதைத் தாங்கும் கேரியரும் சேர்ந்தால் ஒரு ஸ்பிரிங்கில் தொங்கும் எடை மாதிரி. தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு இத்தனை முறை என்று ஆடும்; அதுதான் அதன் இயல்பு அதிர்வெண். இரண்டும் பொருந்தினால் ஒத்ததிர்வு. பள்ளியில் படித்த ஊஞ்சல் கதைதான்: அதன் தாளத்துக்கே தள்ளினால் ஆட்டம் பெருகும். வேகம் கூடினால் பொருத்தம் போய்விடும், பெட்டி அடங்கிவிடும். எடை கூடினால் இயல்பு அதிர்வெண் இறங்கும், ஆனால் வர்க்கமூலக் கணக்கில். 4 கிலோ காலிப் பெட்டியில் 5 கிலோ துணி அடைத்தால் மொத்தம் 9. அதிர்வெண் மூன்றில் இரண்டு பங்காகும். 3000 சுற்றில் வந்த தொல்லை 2000-க்கு நகர்ந்துவிடும். சிக்னலில் கிளம்பும்போது எஞ்சின் கடந்துபோகிற இடம் அதுதான்.

சரி, ஒத்ததிர்வு என்றால் பெட்டி ஆடும். ஆடினால் சத்தம் வரவேண்டும் என்று என்ன கட்டாயம்? தூளிகூடத்தான் ஆடுகிறது, குழந்தை தூங்குகிறதே. லொடலொட என்று கேட்க வேண்டுமானால் ஒன்று இன்னொன்றை விட்டுப் பிரிந்து திரும்ப வந்து மோத வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

முறத்தில் அரிசி புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டி அரிசியை மேலே வீசுவதில்லை. முறத்தைச் சட்டென்று கீழே இழுக்கிறார். அந்தக் கணத்தில் முறத்தின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தை மிஞ்சிவிடுகிறது. அரிசியால் அவ்வளவு விரைவாக விழ முடியாது, அந்தரத்தில் தங்கிவிடுகிறது. காலி என்று நாம் நினைக்கும் பெட்டியின் அடியில் கிடக்கும் ஸ்பேனருக்கும் இதே விதிதான். அப்படியானால் பெட்டி எவ்வளவு தூரம் ஆட வேண்டும்? ஏதோ குழியில் இறங்கி ஏறுகிற அளவு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டால் ஆச்சரியம். நொடிக்கு 5 முறை ஆடினால், நடுநிலையிலிருந்து மேலும் கீழும் 1 சென்டிமீட்டர் போய்வர வேண்டும். நொடிக்கு 50 முறை என்றால் அதில் நூறில் ஒரு பங்கு, வெறும் 0.1 மில்லிமீட்டர் போதும்! ஜெராக்ஸ் கடைத் தாள் ஒன்றின் தடிமன். கண்ணுக்குத் தெரியாத அந்த ஆட்டத்தில் ஸ்பேனர் தரையை விட்டு எழும்பி, பெட்டி மேலே வரும் நேரம் பார்த்துக் கீழே விழுகிறது. முதல் மோதல் அடுத்ததன் நேரத்தைக் கலைக்க, அது அதற்கடுத்ததைக் கலைக்கும். எஞ்சின் தாளம் தவறாமல் ஓடினாலும் லொடலொடவில் தாளம் பிடிக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

மோதும் இடத்தைக் காதால் தேடாதீர்கள். வீணையில் அதிர்வது மெல்லிய தந்தி, நாம் கேட்பது குடத்தை. அதேபோல எங்கோ ஒரு வாஷர் தட்டினாலும் பெட்டி முழுவதும் முழங்கும். ஒருமுறை செங்கல்பட்டு தாண்டும்வரை நான் மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தி நட்டுகளை முறுக்கினேன். கடைசியில் பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி மூடி, கேரியர் கம்பி, பூட்டு என்று ஒவ்வொன்றாகக் கையை வைத்து அழுத்திக்கொண்டே வந்தார். பூட்டில் விரல் பட்டதும் நிசப்தம். எடுக்க மறந்த சாவியும், அதில் பாதுகாப்புக்கென்று தொங்கிய பித்தளை வேலும்தான் குற்றவாளிகள்.

பின்னால் ஆள் இல்லையா? வீட்டில் ரவை இருக்கும். வண்டியைத் திறந்தவெளியில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் வைத்து, பெட்டி மூடிமேல் ஒரு சிட்டிகை ரவையைத் தூவி, ஆக்ஸிலரேட்டரை மெல்ல ஏற்றுங்கள். ரவை துள்ளும் இடம் முடுக்கம் புவியீர்ப்பைத் தாண்டிய இடம். அது ஒதுங்கிச் சேரும் இடம் அதிகம் ஆடாத இடம். கோலமாவு வேண்டாம். மிக நுண்ணிய பொடி, பரப்புக்கு மேல் சுழலும் காற்றில் சிக்கி, அதிகம் ஆடும் இடத்திலேயே குவியும். ஃபாரடே 1831-லேயே இதை விளக்கிவிட்டார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி. வி. ராமன், மிருதங்கத் தோல் எப்படி அதிர்கிறது என்பதை 1934-ல் காட்டியதும் அதன்மேல் மணலைத் தூவித்தான். இன்று ஒரு மாணவர் "பெட்டி ஏன் லொடலொடக்கிறது" என்று ஆய்வுக்குப் பணம் கேட்டால் கமிட்டி சிரித்துவிடும் என்று நினைக்கிறேன். கருவி வாங்கக் கிடைக்கிற காசு, கேள்வி கேட்கக் கிடைப்பதில்லை.

இனி வைத்தியம். போல்ட்டை இன்னும் முறுக்குவது எப்போதும் பலிக்காது. பக்கவாட்டு அதிர்வில் மரைகள் நழுவி நட்டு தானாகக் கழல்வதை ஜெர்மானியப் பொறியாளர் யுங்கர் 1969-ல் காட்டினார். நம்மூரில் எல்லாரும் நம்புகிற ஸ்பிரிங் வாஷர் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டு போடுங்கள். அப்புறம், இடைவெளியை ஒழியுங்கள். 100 கிராம் ஸ்பேனரை ஒரு துண்டில் சுற்றி, 1 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தில் திணித்து வைத்தால், அது எழும்ப புவியீர்ப்பைப்போல 11 மடங்கு முடுக்கம் வேண்டும். 0.1 மில்லிமீட்டர் ஆட்டம் இனி போதாது, 1.1 வேண்டும். பெட்டிக்கும் கேரியருக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வையுங்கள். ரப்பர் இடைவெளியை அடைப்பதோடு, ஒவ்வொரு நசுங்கலிலும் அதிர்வாற்றலில் கொஞ்சத்தைச் சூடாக்கிக் கரைத்துவிடும்.

என் பக்கத்து வீட்டுக்காரர், "திருஷ்டி சார், எலுமிச்சை மிளகாய் கட்டுங்க" என்றார். ஹேண்டில்பாரில் கட்டினால் ஒரு பயனும் இல்லை. அதே எலுமிச்சையைப் பெட்டிக்கும் கேரியருக்கும் நடுவில் இறுக்கிச் செருகினால் சத்தம் நிற்கும், பழம் காயும்வரை.