டெக்சஸுக்கு ஏன் எல்லோரும் குடிபோகிறார்கள்?

2010 கணக்கெடுப்பில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநில மக்கள்தொகை சுமார் 2.51 கோடி. 2020-இல் அது 2.91 கோடி. பத்தே ஆண்டில் நாற்பது லட்சம் பேர் கூடிவிட்டார்கள். எண்ணிக்கையில் வேறெந்த அமெரிக்க மாநிலமும் அந்தப் பத்தாண்டில் இவ்வளவு வளரவில்லை.

ஒரு மாநிலத்தில் ஆட்கள் கூடுவதற்கு மூன்று வழிகள்தான் உண்டு: இறப்பைவிடப் பிறப்பு அதிகமாக இருக்கலாம், வெளிநாட்டிலிருந்து வரலாம், வேறு மாநிலங்களிலிருந்து குடிபெயரலாம். டெக்சஸில் மூன்றும் சேர்ந்தே நடந்தன. குடிவருகிறவர்களில் நிறையப் பேர் வேலை தேடும் வயதினர். இன்றைக்கு வருகிறவர்களுக்கு நாளைக்குப் பிள்ளைகள் பிறக்கும். ஆக, முதல் வழிக்கும் அவர்களே காரணமாகிறார்கள்.

சரி, அவர்களை இழுப்பது எது? மாநில வருமான வரி இல்லை என்பதைத்தான் பலரும் சொல்வார்கள். உண்மைதான். அப்படியொரு வரி வரவே கூடாது என்று 2019-இல் வாக்காளர்கள் அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்தார்கள். ஆனால் பள்ளிகளை நடத்தப் பணம் வேண்டுமே! அது சொத்து வரியாக வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. நாட்டிலேயே அதிகமான சொத்து வரி விகிதங்களில் டெக்சஸுடையதும் ஒன்று. என்னைக் கேட்டால், வரியைவிட வீட்டு விலைக்குத்தான் இழுப்பு அதிகம். கலிஃபோர்னியக் கடலோரத்தில் புது வீடு கட்ட அனுமதி வாங்குவதே பெரும்பாடு. வேலை பெருகப் பெருக அங்கே விலைதான் ஏறியது. டெக்சஸ் நகரங்கள் வீடுகளைக் கட்டித் தள்ளின. ஹூஸ்டனில் இந்த இடத்தில் கடை, இந்த இடத்தில் குடியிருப்பு என்று பிரிக்கும் மண்டலச் சட்டமே கிடையாது. 1998-இல் நகரின் உட்பகுதியில் குறைந்தபட்ச மனை அளவை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 வரை குறைத்தார்கள். ஒரு பழைய வீடு இருந்த இடத்தில் மூன்று வீடுகள் எழுந்தன.

டொயோட்டா தன் வட அமெரிக்கத் தலைமையகத்தைக் கலிஃபோர்னியாவிலிருந்து டாலஸ் அருகே பிளேனோவுக்கு மாற்றி, 2017-இல் புதிய வளாகத்தைத் திறந்தது. இப்படி ஒரு நிறுவனம் வந்தால் அதன் ஊழியர்களோடு கணக்கு முடிவதில்லை. அவர்களுக்கு வீடு கட்ட ஆள் வேண்டும். அப்புறம் ஆசிரியர், பல் மருத்துவர், மளிகைக்கடை எல்லாம் வேண்டும். அந்த வேலைகளுக்கு வருகிறவர்களுக்கும் வீடு வேண்டும். பிளேனோவை ஒட்டிய ஃபிரிஸ்கோவில் 2000-இல் 33,714 பேர். 2020-இல் 2,00,509 பேர். தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் அங்கே ஏராளம்.

இந்தச் சங்கிலி பின்னோக்கியும் ஓடும். 1986-இல் எண்ணெய் விலை சரிந்தபோது, எண்ணெய்த் தொழிலை நம்பியிருந்த டெக்சஸுக்கு வந்தவர்களைவிட அங்கிருந்து பிற மாநிலங்களுக்குக் கிளம்பியவர்கள் அதிகமானார்கள். மாநிலத்தின் பத்துப் பெரிய வங்கிக் குழுமங்களில் ஒன்றுதான் வெளியுதவி இல்லாமல் தப்பியது. இன்றும் வளர்ச்சி எங்கும் பரவிவிடவில்லை. 2010-க்கும் 2020-க்கும் இடையில், மாநிலத்தின் 254 கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 143-இல் மக்கள்தொகை குறைந்தது. கூட்டமெல்லாம் டாலஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ, ஆஸ்டின் பக்கம்தான்.

ஆஸ்டினில் விலை ஏறியதும் ஆட்கள் தெற்கே ஹேஸ் கவுண்டிக்கு நகர்ந்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள அமெரிக்கக் கவுண்டிகளில், அந்தப் பத்தாண்டில் அதிக விகிதத்தில் வளர்ந்தது அதுதான். ஐம்பது சதவீதத்துக்கும் மேல். அங்கே விம்பர்லி ஊருக்கு அருகில் ஜேக்கப்ஸ் வெல் என்ற ஊற்று இருக்கிறது. பழைய வறட்சிகளில்கூட வற்றாதது என்று பெயர் பெற்றிருந்த அந்த ஊற்று, முதன்முறையாக 2000-இல் ஓட்டம் நின்றது. 2022-இல் மறுபடி நின்றது. மழையும் பொய்த்தது, ஆழ்துளைக் கிணறுகளும் பெருகின.

தண்ணீர்த் திட்டங்களுக்கு 100 கோடி டாலர் நிதி ஒதுக்க 2023-இல் வாக்காளர்கள் சம்மதித்தார்கள். குழாய் மாற்றவும் புதிய நீராதாரம் உருவாக்கவும் அந்தப் பணம் உதவும். ஆனால் நிலத்தடி நீர்ச் சட்டம் இன்னமும் பெரும்பாலும் நிலத்துக்குச் சொந்தக்காரர் பக்கமே நிற்கிறது: உன் நிலத்தில் போட்ட கிணற்றில் நீ இறைக்கலாம், அதனால் பக்கத்துக் கிணறு வற்றினாலும்.