சொல் விளக்கம்: அடையாள உண்ணாவிரதம்

வேலூர் அண்ணா கலையரங்கம் பக்கமோ சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் எதிரிலோ பந்தல் போட்டிருப்பார்கள். பேனரில் ‘அடையாள உண்ணாவிரதப் போராட்டம்’ என்று இருக்கும். பஸ்ஸில் போகிறவர், “அடையாளத்துக்குத்தானே, சாயங்காலம் பிரியாணி சாப்பிடப் போறாங்க” என்பார். ‘அடையாள’ என்பதை ‘ஒப்புக்கு’ என்று எடுத்துக்கொள்வதால் வரும் பேச்சு இது. அந்தச் சொல்லுக்கு அப்படிப் பொருள் இல்லை.

அடையாளம் என்பது ஒன்றை இன்னதென்று அறியவைக்கும் குறி. பெரியாழ்வார் திருமொழியில் அனுமன் சீதையிடம், அவளும் இராமனும் அறிந்த செய்திகளைச் சொல்லி ‘ஓர் அடையாளம்’, ‘ஓர் அடையாளம்’ என்று அடுக்குகிறான்; சீதை இராமனை மல்லிகை மாலையால் கட்டியதும் அதில் ஒன்று. பிறகு மோதிரத்தைக் காட்டுகிறான். மோதிரம் இராமன் ஆகிவிடாது, ஆனாலும் அதில் பொய் எதுவும் இல்லை. சங்கங்களில் ‘டோக்கன் ஸ்டிரைக்’ என்கிற அடையாள வேலைநிறுத்தமும் இதே வகைதான்: கோரிக்கையைக் கேட்காவிட்டால் அடுத்து என்ன வரும் என்பதற்கு ஒரு நாள் குறி.

‘உண்ணாவிரதம்’ பாதி தமிழ், பாதி வடமொழி. உண்ணாத என்பதன் ஈறு கெட்டு உண்ணா என்று நிற்கிறது, விரதம் வடசொல். நேரான தமிழ் உண்ணாநோன்பு. நோன்பு என்பதில் பொறுத்தல் என்ற பொருள் உள்ளடங்கியிருக்கிறது. ‘உற்றநோய் நோன்றல் உயிர்க்குறுகண் செய்யாமை’ என்று தவத்துக்கு வடிவம் சொல்கிறது குறள் 261. தனக்கு வந்த துன்பத்தைத் தாங்குவது, பிற உயிருக்குத் துன்பம் செய்யாதிருப்பது. அறப்போராட்டத்தின் இரண்டு பாதியும் அதிலேயே வந்துவிடுகிறது. விரதம் என்ற சொல்லில் இவ்வளவு கிடைக்காது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் நோன்பு என்றால் ரமலான் நோன்பும் நோன்புக் கஞ்சியும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆகவே நோட்டீஸில் ‘உண்ணாநோன்புப் போராட்டம்’ என்று முழுதாகப் போடுவது நல்லது. ‘பட்டினிப் போர்’ என்பது எனக்கு உவப்பில்லை. பட்டினி வறுமையால் வருவது, நோன்பு தானாக ஏற்பது. வடக்கிருத்தலும் பொருந்தாது, அது உயிர் பிரியும்வரை இருப்பது.

வகைகளைக் குழப்புவதால்தான் பாதி ஏளனம் வருகிறது. அடையாளம் என்றால் ஒரே நாள், வழக்கமாகக் காலை 9 முதல் மாலை 5 வரை. தொடர் என்றால் தினம் ஒரு குழு மாறி மாறி உட்காரும். நேற்று உட்கார்ந்தவர் இன்று ஓட்டலில் சாப்பிடுவது மோசடி ஆகாது. காலவரையற்றது என்றால் முடிவு தேதி சொல்லாமல் தொடங்குவது. ‘சாகும்வரை’ என்று எழுதுவதற்கு முன் யோசிக்க வேண்டும். அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கத் தற்கொலைக்கு முயல்வது பாரதிய நியாய சன்ஹிதா 226-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம்.

ஒரு நாள் நோன்பில் ஆளைச் சாய்ப்பது பசியைவிட வெயில்தான். மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். தண்ணீரும் உப்பும் எடுத்துக்கொள்ளலாம், அதனால் நோன்பு முறிந்ததாகாது. பந்தலின் மேற்குப் பக்கத்தைத் துணியால் மறைக்காவிட்டால் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். இன்சுலின் போடுகிறவர்களை உட்கார வைக்கக் கூடாது. சாப்பிடாமல் மருந்து மட்டும் போனால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவார்கள். பந்தலுக்குப் பின்னால் யாராவது ஒருவர் பொட்டலம் பிரித்தால் அந்த ஒரு போட்டோ மொத்தக் கூட்டத்தின் பேரையும் கெடுத்துவிடும். பழரசத்தோடு முடிப்பது ஒரு நாளைக்குச் சரி. ஐந்து நாளுக்கு மேல் உண்ணாதவருக்கு எடுத்தவுடன் முழுச் சாப்பாடு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத் துடிப்பே தடுமாறும். டாக்டர் பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும்.

“ஒரு வேளை சாப்பிடாட்டி என்ன ஆகிடும்?” என்று கேட்பவர் கணக்கில் மாதச் சம்பளம் இருக்கிறது. குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்ணுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. முறத்தில் இலையும் தூளும் கிடந்து, கை ஓடினால்தான் காசு. அவர் பந்தலில் உட்கார்ந்த அன்று ஒரு பீடிகூட சுற்றப்படாது. மதியச் சோற்றை மட்டுமல்ல, அன்றைய கூலியையும் விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். சாலை மறியல் செய்தால் “பஸ் லேட்டாகுது” என்று கோபப்படுகிறவரும், ஓரமாக உட்கார்ந்தால் “நாடகம்” என்கிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள். எப்படிப் போராடினால் ஏற்பீர்கள் என்று கேட்டால் அவரிடம் பதில் இருப்பதில்லை. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

வினைச்சொல்லிலும் ஒரு கவனம் வேண்டும். செய்திகளில் ‘உண்ணாவிரதம் மேற்கொண்டனர்’ என்று வரும். நம் ஊர் வாயில் ‘உண்ணாவிரதம் இருந்தாங்க’ என்பதுதான் வழக்கு. வடக்கிருத்தலில் வரும் அதே ‘இரு’. நோட்டீஸ் எழுதுகிறவர்கள் ‘மாபெரும்’ என்பதை எடுத்துவிட்டு, கோரிக்கையை முதல் வரியிலும் நேரத்தை அடுத்த வரியிலும் போட்டு, கீழே ‘உண்ணாநோன்பு இருக்கிறோம்’ என்று எழுதலாம்.