ஸ்டேக்ஹோல்டர்: 'பங்குதாரர்' என்று எழுதுவதை எப்போது நிறுத்துவோம்?

"நிறுவனங்கள் பங்குதாரர்களின் லாபத்தை மட்டும் கருதாமல், பங்குதாரர்கள் அனைவரின் நலனையும் கருத வேண்டும்." வறுமை ஒழிப்பில் தொழில் நிறுவனங்கள் என்ன செய்யலாம் என்பது பற்றிய அறிக்கை ஒன்றின் தமிழாக்கத்தில் இப்படி ஒரு வரி. அச்சுப்பிழை இல்லை. முதலில் வருபவர் ஷேர்ஹோல்டர், அதாவது நிறுவனத்தின் பங்கை வாங்கியவர். அடுத்து வருபவர் ஸ்டேக்ஹோல்டர், அதாவது நிறுவனத்தின் செயலோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புள்ளவர். இருவருக்கும் ஒரே தொப்பியை மாட்டிவிட்டு மொழிபெயர்ப்பாளர் அடுத்த பத்திக்குப் போய்விட்டார். செய்தியிலும் துண்டறிக்கையிலும் கருத்தரங்க அழைப்பிதழிலும் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

சொல்லின் வரலாறு சின்னதுதான். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் உள்ள சொல் இது. இருவர் பந்தயம் கட்டினால், அந்தப் பணயப் பணத்தை (ஸ்டேக்) நடுவில் வாங்கி வைத்துக்கொள்பவர் ஸ்டேக்ஹோல்டர். யார் ஜெயித்தாலும் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. அதாவது இன்றைய பொருளுக்கு நேர் எதிர். ஆங்கிலச் சட்ட வழக்கில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1963-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் உள்குறிப்பு ஒன்றில் நிர்வாகவியல் பொருள் தலைகாட்டியது: யாருடைய ஆதரவு போனால் நிறுவனமே நிற்காதோ, அவர்கள். 1984-இல் நிர்வாகவியல் அறிஞர் எட்வர்ட் ஃப்ரீமன் வட்டத்தைப் பெரிதாக்கினார். நிறுவனத்தின் நோக்கத்தைப் பாதிக்கக்கூடியவர், அந்த நோக்கம் நிறைவேறுவதால் பாதிக்கப்படக்கூடியவர், இரு வகையினருமே இதில் சேர்த்தி.

இதில் ஒரு விஷயம் முக்கியம். ஷேர்ஹோல்டருக்கு இன்னொரு பெயரான ஸ்டாக்ஹோல்டர் என்ற சொல்லோடு ஓசை ஒத்துப்போகும்படி, அதற்கு எதிராக நிறுத்துவதற்கென்றே எடுத்த சொல் இது. லாபத்தைப் பெருக்குவதே தொழிலின் சமூகப் பொறுப்பு என்று பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1970-இல் எழுதிய வாதத்துக்கு மறுப்பாகவே அது வளர்ந்தது. பங்கு வாங்கியவன் மட்டுமல்ல, வேலை செய்பவன், சரக்குக் கொடுப்பவன், ஆலைப் புகையைச் சுவாசிப்பவன் எல்லாருக்கும் இங்கே பேச இடம் உண்டு என்பதுதான் அந்தச் சொல்லின் சண்டை. தமிழில் நாம் செய்தது என்ன? சண்டை போட வந்தவனுக்கு எதிராளியின் பெயரையே வைத்துவிட்டோம்.

2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிசினஸ் ரவுண்ட்டேபிள் அமைப்பு வெளியிட்ட அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 181 தலைமைச் செயல் அதிகாரிகள் கையெழுத்திட்டார்கள். வாடிக்கையாளர், பணியாளர், சரக்கு வழங்குவோர், சுற்றியுள்ள மக்கள், பங்கு வைத்திருப்போர் என எல்லாருக்கும் தாங்கள் கடமைப்பட்டவர்கள் என்றார்கள். சொன்னதைச் செய்தார்களா என்பது வேறு வழக்கு. ஆனால் 'பங்குதாரர்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'பங்குதாரர் முதன்மை போய், பங்குதாரர் முதன்மை வந்தது' என்றாகும். படிப்பவர் தலையைச் சொறிவார்.

இதற்கு வக்காலத்து வாங்குவோர் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். பங்கு என்றால் ஷேர் மட்டுமா, 'இதில் எனக்கும் பங்குண்டு' என்று சொல்வதில்லையா என்பார்கள். சொல்கிறோம்தான். பங்கு விரிந்த சொல், பங்குதாரர் அப்படியல்ல. அது போட்ட பணத்துக்கு லாபத்தில் ஈவு கேட்பவர் என்று இறுகிப்போன சொல். கூட்டு வியாபாரத்தின் பார்ட்னருக்கும் அதே பெயர்தான். ஆக ஷேர்ஹோல்டர், பார்ட்னர், ஸ்டேக்ஹோல்டர் மூவரும் ஒரே ஆள். 'பங்குண்டு' என்ற விரிந்த பொருளைப் பிடித்துக்கொண்டாலும் வில்லங்கம் தீராது. கழிவுநீரால் மீன் செத்துப் பிழைப்பு போன மீனவரை 'ஆற்று மாசு விவகாரத்தில் ஒரு பங்குதாரர்' என்று எழுதினால் என்ன அர்த்தம்? குற்றத்தில் அவருக்கும் பங்கு என்றுதான் தமிழ்க் காது கேட்கும்.

பொருள் ஆழமாகப் பிரியும் இடம் ஒன்று உண்டு. அணைகளுக்கான உலக ஆணையம் 2000-இல் தந்த அறிக்கை, இடரை விரும்பி ஏற்பவர்களையும், கேட்காமலே இடர் சுமத்தப்படுபவர்களையும் பிரித்துக் காட்டியது. முதலீட்டாளர் முதல் வகை. வீடும் நிலமும் நீரில் மூழ்கப்போகிறவர் இரண்டாம் வகை. இருவரையும் ஸ்டேக்ஹோல்டர் என்று ஒரே கூடையில் போடுவது ஆங்கிலத்துக்கே உள்ள கோளாறு. தமிழில் இதைச் சொல்ல நல்ல வேர்ச்சொல் இருக்கிறது: பணயம். சூதாட்ட மண்டபத்தில் பணயம் வைத்தவன் தருமன், பணயமானவள் பாஞ்சாலி. இருவரையும் 'ஆட்டத்தின் பங்குதாரர்கள்' என்று யாராவது எழுதுவார்களா? வறுமை ஒழிப்புத் திட்ட அறிக்கைகளில் எழுதுகிறார்கள்.

மற்ற மாற்றுகளையும் பார்த்துவிடுவோம். 'பங்கேற்பாளர்' என்றால் கூட்டத்துக்கு வந்து கையெழுத்திட்டவர். பாதிக்கப்பட்டவரில் பாதிப் பேருக்கு அழைப்பே போயிருக்காது. 'பங்களிப்பாளர்' ஏதோ கொடுத்தவர். 'நலன்விரும்பி' கல்யாணப் பத்திரிகைச் சொல். 'பங்காளர்' என்று ஒன்றைச் சிலர் முயல்கிறார்கள். ஓரெழுத்து சறுக்கினால் பங்காளி, அப்புறம் சொத்துத் தகராறுதான். எல்லாவற்றிலும் எனக்கு ஆகாதது 'பயனாளி'. நிறுவனமும் அரசும் தொண்டு அமைப்பும் 'பங்குதாரர்'களாம், ஏழை மட்டும் 'பயனாளி'யாம். மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு ஒரு பெயர், வரிசையில் நிற்பவருக்கு வேறு பெயர். பயனாளி என்ற பெயர் விழுந்த பிறகு அவர் நன்றி சொல்லலாம், கேள்வி கேட்க முடியாது.

ஏழைகளே நிஜமான பங்குதாரர்களாக இருக்கும் அமைப்புகளும் உண்டு என்பதால் இந்தக் குழப்பம் இன்னும் மோசம். ஏழைகளுக்குச் சிறுகடன் தரும் வங்கதேசத்தின் கிராமீன் வங்கி 1983-இல் வங்கியாக உருப்பெற்றது. கடன் வாங்கும் பெண்களே அதன் பெரும்பங்குக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். இயக்குநர் குழுவுக்கும் தங்கள் ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். அங்கே பங்குதாரர் என்று எழுதுங்கள், அட்சரம் பிசகாது. ஆனால் அந்தச் சொல்லை ஏற்கெனவே எல்லார் தலையிலும் தெளித்து முடித்துவிட்டோமே! ஏழைப் பெண் வங்கிக்கே உடைமையாளர் ஆனார் என்ற பெரிய செய்தி, 'பங்குதாரர்களின் ஒத்துழைப்புடன்' என்ற சடங்கு வாக்கியத்தோடு சேர்ந்து காணாமல் போகிறது.

என் பரிந்துரை 'தரப்பினர்'. தேவைப்பட்டால் 'தொடர்புடைய தரப்பினர்'. பாதிப்பைச் சொல்லும் இடத்தில் 'பாதிப்புக்குள்ளாகும் தரப்பினர்'. தரப்பு என்பதில் வாதம் இருக்கிறது, வழக்கு இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது. எதிரே இன்னொரு தரப்பும் இருக்கிறது என்று அது ஒப்புக்கொள்கிறது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் தையல் தொழிலாளர்கள் வேலைக்கு வரவழைக்கப்பட்டிருந்தார்கள். அடுத்த மாதமே உருவான பாதுகாப்பு ஒப்பந்தத்தில் ஆடை நிறுவனங்கள் ஒரு தரப்பு, தொழிற்சங்கங்கள் மறு தரப்பு. வழிநடத்தும் குழுவில் இரண்டுக்கும் சமமான இடம். தலைமை, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பைச் சேர்ந்த நடுநிலையாளருக்கு. ஒப்பந்தம் சட்டப்படி கட்டுப்படுத்தியது. மீறினால் நடுவர் தீர்ப்புக்குப் போக வழி இருந்தது. துறைகள் கைகோத்துச் செய்தவற்றில் வெறும் பேச்சோடு நிற்காத ஒன்று இது. இதில் தொழிலாளரைப் 'பங்குதாரர்' என்றால் பொய், 'பயனாளி' என்றால் அவமதிப்பு. தரப்பு என்றால் நடந்ததைச் சொன்னதாகும். (அந்த நடுநிலைத் தலைவர்தான் 18-ஆம் நூற்றாண்டுப் பொருளில் ஸ்டேக்ஹோல்டர்!)

தரப்பு தமிழா என்று தூய்மைக் கட்சியினர் கேட்பார்கள். இல்லை, 'தரஃப்' என்ற அரபுச் சொல் உருது வழியாக வந்து ஊன்றியது. நீங்கள் காப்பாற்ற நினைக்கும் பங்குதாரரின் வாலில் தொங்கும் 'தார்' மட்டும் எந்த ஊராம்? தாசில்தாரையும் ஜமீன்தாரையும் கேட்டால் பாரசீகம் என்பார்கள். இறக்குமதியே கூடாது என்றால் 'தொடர்புடையோர்' என்று நிறுத்திக்கொள்ளலாம். பிடி கொஞ்சம் தளர்வுதான், ஆனால் தவறில்லை.

பெயர்களைச் சொல்ல முடிகிற இடத்தில் எந்தக் கலைச்சொல்லும் வேண்டாம் என்பதும் என் கட்சி. 'பங்குதாரர்களுடன் கலந்தாலோசிக்கப்பட்டது' என்ற வாக்கியத்தில் யார் யாரிடம் கேட்டார் என்பதே இல்லை. 'நெசவாளர் சங்கத்திடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் நிறுவனம் கருத்துக் கேட்டது' என்று எழுதினால், நூல் வியாபாரியைக் கேட்கவில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும். மூலத்தில் மூடி வைத்திருப்பதை மொழிபெயர்ப்பாளர் திறக்க முடியாது என்பது சரி. ஆனால் மூலத்தில் அடைப்புக்குள் பட்டியல் இருந்தும் அதை விழுங்கிவிட்டுப் பங்குதாரர் என்று சுருக்குகிறவர்களை என்ன சொல்ல?

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 17.16 என்ற உட்பிரிவு பேசுவது மல்ட்டி-ஸ்டேக்ஹோல்டர் கூட்டுகளைப் பற்றி. 'பல்பங்குதாரர் கூட்டாண்மை' என்ற வாய் சுளுக்கும் தொடரை விட்டு 'பலதரப்புக் கூட்டு' என்று போகலாம் என்றால், அரசுறவுத் துறையில் பல நாடுகள் சேரும் ஒப்பந்தத்துக்குப் 'பலதரப்பு' ஏற்கெனவே புழங்குகிறது. அங்கே தரப்பு என்பது நாடு. இங்கே அரசும் நிறுவனமும் சங்கமும் குடிமக்களும். மோதல் வரும் இடத்தில் 'அரசு, தொழில், மக்கள் அமைப்புகளின் கூட்டு' என்று விரித்து எழுதிவிடுங்கள். நாலைந்து சொல் கூடும், அவ்வளவுதான்.